தன்னையே பெற்றெடுக்கும் தேனீ

தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலை என்றால் குளிர்காலம். மற்ற செடிகொடிகள் காய்ந்து நிற்கும் அந்த மாதங்களில் பிரிட்டோரியா நகருக்கு வடக்கே காட்டுக் கற்றாழை பூத்துக் குலுங்கும். தேனீ வளர்ப்பவர்கள் லாரிகளில் பெட்டிகளை ஏற்றிவந்து அந்தக் கற்றாழைக் காட்டில் வரிசையாக இறக்குவார்கள். மகரந்தத்துக்கும் மதுவுக்கும் பஞ்சமே இருக்காது. பெட்டிக்குள் தேனீக்கள் பெருகும் காலம் அது. 1990-களின் தொடக்கத்தில் நடந்ததோ நேர்மாறு. பூ இருந்தது, வெயில் இருந்தது, நோய்க்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை. பெட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன.

மூடியைத் திறந்து ஒரு சட்டத்தை உருவிப் பார்த்தால் ராணியைக் காணோம். ஒரே அறைக்குள் இரண்டு, மூன்று முட்டைகள் கிடக்கின்றன. சில முட்டைகள் அறையின் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அந்தப் பகுதியின் தேனீக்கு வயிற்றில் மஞ்சள் பட்டைகள் உண்டு. அவற்றின் நடுவே கருத்துப் பளபளக்கும் தேனீக்கள் சில, அவசரமே இல்லாமல் அடையின் மேல் நடந்துகொண்டிருக்கின்றன. பூவுக்குப் போவதில்லை, அறைகளைச் சுத்தம் செய்வதில்லை, புழுக்களுக்கு ஊட்டுவதுமில்லை. மஞ்சள் தேனீக்கள்தான் அவற்றுக்கு ஊட்டுகின்றன.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பழகிய காட்சி. நம்மூர்ப் பெட்டியிலும் ராணி செத்து, புது ராணியும் உருவாகாமல் போனால், சில நாட்களில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும். வேலைக்காரத் தேனீயும் பெண்தான். அதற்கும் சூலகம் உண்டு. ஆனால் அந்த முட்டைகளிலிருந்து வருவதெல்லாம் ஆண். ஆண் புழு வளரும் அறையின் மூடி மேடாகக் குவிந்திருக்கும், பெண் புழு வளரும் அறையின் மூடி ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அடையைத் தூக்கியதுமே அனுபவசாலி சொல்லிவிடுவார், இந்தப் பெட்டி இனித் தேறாது என்று.

கற்றாழைக் காட்டுப் பெட்டிகளில் ராணி இல்லை. ஆனால் மூடிகள் தட்டையாக இருந்தன.

ஆண் பிறக்க வேண்டிய அறைகளில் பெண் பிறந்துகொண்டிருந்தது. இந்தத் தட்டை மூடி ஏன் அத்தனை விசித்திரம் என்று புரிய, தேனீயில் ஆணும் பெண்ணும் எப்படிப் பிரிகின்றன என்று பார்த்துவிட வேண்டும். சைலீசியாவைச் சேர்ந்த பாதிரியார் யான் ஜெர்சோன், தேனீ வளர்ப்பில் ஊறியவர். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது என்று 1845-ல் சொன்னார். ராணி தன் வாழ்நாளின் தொடக்கத்தில் வெளியே பறந்துபோய், வானத்திலேயே பல ஆண் தேனீக்களோடு இணைந்து, கிடைத்த விந்தணுக்களை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேமித்துக்கொள்கிறது. முட்டை வெளியேறும்போது விந்தணு சேர்ந்தால் பெண், சேராவிட்டால் ஆண். பெண்ணுக்கு 32 குரோமோசோம்கள். ஆணுக்குத் தாயிடமிருந்து வந்த 16 மட்டும். வேலைக்காரத் தேனீ வானத்துக்குப் போய் யாரோடும் இணைவதில்லை. விந்தணு இல்லை என்றால் 16-தான், 16 என்றால் ஆண்தான். கணக்கு சுத்தமாக இருக்கிறது.

இணை சேராமல் பிள்ளை பெறுவதைக் கன்னி இனப்பெருக்கம் என்கிறோம். அப்படிப் பிறப்பது ஆணாக இருந்தால் அதற்கு அரினோடோக்கி என்று பெயர். பெண்ணாக இருந்தால் தெலிடோக்கி. உலகெங்கும் தேனீக்களில் வழக்கமாக நடப்பது முதல் வகை. இந்த விதிக்குப் பொருந்தாத தேனீ ஒன்று தென்னாப்பிரிக்காவின் தெற்கு முனையில், கேப் பகுதியின் புதர்க்காடுகளில் இருக்கிறது என்று 1912-லேயே ஒருவர் எழுதியிருந்தார். ஜி. டபிள்யூ. ஆனியன்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளர் அவர். தன் பெட்டிகளில் ராணி போன பிறகு வேலைக்காரத் தேனீக்கள் இடும் முட்டைகளிலிருந்து வேலைக்காரத் தேனீக்களே பிறக்கின்றன என்று தென்னாப்பிரிக்க வேளாண்மை ஏட்டில் அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துப்போன விதியை ஒரு வளர்ப்பாளர் மறுத்தால் யார் நம்புவார்கள்? எங்கோ ஒரு ராணி ஒளிந்திருக்கும் என்றுதான் தோன்றும். அவருடைய சோதனைகளை 1916-ல் ஆர். டபிள்யூ. ஜாக் என்ற பூச்சியியலாளர் லண்டன் பூச்சியியல் கழகத்தின் ஏட்டில் விரிவாக எடுத்தெழுதினார். பெட்டிக்குள் தினமும் கை வைக்கிறவர் கண்டது சரியாகத்தான் இருந்தது.

இன்று அந்தத் தேனீயைக் கேப் தேனீ என்கிறோம். அறிவியல் பெயர் ஏபிஸ் மெல்லிஃபெரா கேப்பென்சிஸ். வடக்கே இருக்கும் மஞ்சள் பட்டைத் தேனீ அதே சிற்றினத்தின் இன்னொரு துணையினம். ஸ்கூட்டெல்லாட்டா என்று பெயர். இரண்டும் இணைந்தால் பிள்ளை பிறக்கும். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே கலப்புத் தேனீக்கள் வாழும் நிலப்பட்டை ஒன்றும் உண்டு.

விந்தணு சேராமலே 32 எப்படி வந்தது?

ஒரு பெண்ணிடம் இரண்டு சமையல் குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று அம்மா வழியில் வந்தது, மற்றது அப்பா வழியில் வந்தது. இரண்டிலும் அதே பதார்த்தங்கள், அதே பக்க எண்கள். செய்முறையில்தான் அங்கங்கே வித்தியாசம். முட்டைக்குள் ஒரே ஒரு நோட்டுதான் போக வேண்டும், மற்றொன்று விந்தணுவோடு வந்து சேரும். இப்படி இரண்டை ஒன்றாகக் குறைக்கும் செல் பிரிவைத்தான் பள்ளிப் புத்தகம் குன்றல் பகுப்பு என்கிறது. குறைப்பதற்கு முன் செல் ஒரு வேலை செய்கிறது: இரண்டு நோட்டுகளையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இப்போது நான்கு. முதல் பிரிவில் அம்மா வழிப் பிரதிகள் ஒரு பக்கமும் அப்பா வழிப் பிரதிகள் ஒரு பக்கமும் போகின்றன. இரண்டாம் பிரிவில் அவையும் தனித்தனியாகின்றன. தேனீ முட்டையில் இந்த நான்கும் ஒரே வரிசையில் நிற்கும்: அம்மா, அம்மா, அப்பா, அப்பா. வழக்கமாக ஓரத்தில் நிற்கும் ஒன்று முட்டையின் உட்கருவாகும், மற்ற மூன்றும் கழிந்துபோகும்.

கேப் வேலைக்காரத் தேனீயின் முட்டையில் நடுவில் நிற்கும் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் இருப்பவை ஒரு அம்மா நோட்டு, ஒரு அப்பா நோட்டு. ஆக, தாயிடம் என்ன இருந்ததோ அதுவே மகளிடமும். விந்தணு வேலையை முட்டையே தனக்குத் தானே செய்துகொண்டது. இதை மைய இணைவு என்று சொல்லலாம். வர்மா, ருட்னர் என்ற ஆய்வாளர்கள் 1983-ல், கேப் வேலைக்காரத் தேனீ இட்ட முட்டைகளை நுண்ணோக்கியில் வைத்து உட்கருக்கள் இப்படிச் சேர்வதை விவரித்தார்கள். முட்டை இட்ட பிறகுதான் தேனீயில் குன்றல் பகுப்பு முடிவடைகிறது என்பதால் அதை அப்படிப் பிடிக்க முடிந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் நோட்டுகள் பிரிவதற்கு முன் செல் இன்னொன்றும் செய்யும். அம்மா வழிப் பிரதி ஒன்றும் அப்பா வழிப் பிரதி ஒன்றும் தங்களுக்குள் பக்கங்களைக் கிழித்து மாற்றிக்கொள்ளும். மறுசேர்க்கை என்பது இதுதான். பெற்றோரைப் போலவே பிள்ளைகள் அச்சடித்தாற்போல் இல்லாததற்கு இது ஒரு முக்கியமான காரணம். தேனீக்களில் இந்தப் பக்கமாற்றம் மிக அதிகம். குறிப்பிட்ட நீள டிஎன்ஏவுக்கு மனிதரில் நடப்பதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். விலங்குகளிலேயே உச்சத்தில் இருப்பவற்றுள் ஒன்று.

தனக்குத் தானே பிள்ளை பெறும் தேனீக்கு இது ஆபத்து. நாற்பதாம் பக்கத்திலிருந்து மாற்றிக்கொண்டார்கள் என்றால், நடுவில் சேரும் இரண்டு நோட்டுகளிலும் அந்தப் பக்கங்கள் அப்பா வழியதாகவே அமைந்துவிடலாம். அம்மா வழிச் செய்முறை அந்த வம்சத்தை விட்டு நிரந்தரமாகப் போய்விடும். வெளியிலிருந்து புது நோட்டு வராத குடும்பம் இது, போனது போனதுதான். தலைமுறைக்குத் தலைமுறை இப்படிக் கரைந்துகொண்டே வரும்.

எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஆனால் என்ன என்று கேட்கலாம். தேனீயிடம் ஒரு பக்கம் மட்டும் கட்டாயம் வித்தியாசமாக இருந்தாக வேண்டும். பால் நிர்ணய மரபணுவின் பக்கம் அது. மார்ட்டின் பேயே குழுவினர் 2003-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மரபணு பல வடிவங்களில் உண்டு. இரண்டு வெவ்வேறு வடிவங்கள் சேர்ந்தால் பெண். ஒரே ஒரு பிரதி இருந்தால் ஆண். கருவுறாத முட்டை ஆணாவது இதனால்தான். இரண்டு பிரதி இருந்து இரண்டும் ஒரே வடிவமாக இருந்தாலும் ஆண்தான், ஆனால் உதவாத ஆண். போலந்தின் யெர்சி வொய்க்கே 1963-ல் காட்டியபடி, அப்படிப்பட்ட புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் பொரிந்த சில மணி நேரத்திலேயே தின்றுவிடுகின்றன. அதனால் தன்னையே நகலெடுக்கும் ஒரு தேனீ வம்சம் வழக்கமான அளவுக்குப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தால், சீக்கிரத்தில் அதன் பிள்ளைகள் தின்னப்பட்டே வம்சம் அழிந்திருக்க வேண்டும்.

அழியவில்லை. காரணத்தைக் கண்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கேப் ராணி மற்ற ராணிகளைப் போலவே ஆண்களோடு இணைந்துதான் பிள்ளை பெறுகிறது. அதே மரபணுக்கள் உள்ள ராணியையும் வேலைக்காரத் தேனீயைப் போலக் கன்னியாகப் பிள்ளை பெற வைத்தால் ஒப்பிடலாமே? சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஓல்டுராய்டும் அவருடைய கூட்டாளிகளும் இணை சேராத ராணியின் பின்முனையில் மருத்துவமனையில் பயன்படுத்தும் டேப்பைத் துணுக்காக வெட்டி ஒட்டினார்கள். பறந்துபோய் வந்தாலும் எந்த ஆணும் இணைய முடியாது. அந்த ராணி இட்ட முட்டைகளின் புழுக்களையும் வேலைக்காரத் தேனீக்கள் பெற்ற புழுக்களையும் டிஎன்ஏ அளவில் ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். ராணியின் பிள்ளைகளில் பக்கமாற்றம் தாராளமாக நடந்திருந்தது. வேலைக்காரத் தேனீயின் பிள்ளைகளில் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஒரே துணையினத்துக்குள், தாயிடம் திறந்திருக்கும் ஒரு வழி மகளிடம் அடைபட்டிருக்கிறது. தேவை யாருக்கு இருந்ததோ அவரிடம் மட்டும்.

பக்கமாற்றம் முழுக்க நிற்கவும் இல்லை. கரைவது கொஞ்சம் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. கரைந்துபோன புழுக்கள் வளராமல் அழிவதால், கண்ணில் படும் தேனீக்களில் வித்தியாசம் தங்கியிருக்கிறது. தப்பியவற்றை மட்டும் எண்ணினால் நகலெடுப்பு குறையே இல்லாமல் நடப்பது போலத் தோன்றும். அதனால்தான் இந்த ஆய்வுகளில் வளர்ந்த தேனீயோடு முட்டையையும் புழுவையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

இனி, குடும்பத்துக்குள் இதனால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சாதாரணத் தேனீக் கூட்டில் வேலைக்காரத் தேனீ முட்டையிடாமல் இருப்பதற்குத் தியாக உணர்வு காரணம் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. ராட்னீக்ஸும் விஷரும் 1989-ல் காட்டியது வேறு. ஒரு வேலைக்காரத் தேனீ திருட்டுத்தனமாக முட்டையிட்டால், மற்ற வேலைக்காரத் தேனீக்கள் அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன. ராணியின் முட்டையை விட்டுவிடுகின்றன. ராணி பல ஆண்களோடு இணைந்திருப்பதால் கூட்டில் இருப்பவை பெரும்பாலும் அப்பா வேறான சகோதரிகள். அப்படிப்பட்ட சகோதரியின் மகனைவிடத் தாயின் மகன் நெருங்கிய சொந்தம். ஆகவே காவல் காப்பது எல்லோருக்கும் லாபம்.

கேப் தேனீயில் இந்தக் கணக்கு புரண்டுவிடுகிறது. அங்கே வேலைக்காரத் தேனீ இடும் முட்டை மகன் ஆவதில்லை. அதுவே மறுபடி பிறக்கிறது. ராணி தொலைந்த வீட்டில் இது பெரிய வரம். இணை சேரப் பறந்த இளம் ராணி திரும்பி வராமல் போவது தேனீக் குடும்பத்துக்கு நேரும் பேராபத்துகளில் ஒன்று. மற்ற தேனீக்களில் அத்தோடு குடும்பம் முடிந்தது. கேப் தேனீயில் ஒரு வேலைக்காரத் தேனீயின் முட்டையை ராணி அறையில் வளர்த்துப் புது ராணி எடுக்கலாம். ஆனால் ராணி அறையில் தன் முட்டை போய்ச் சேர்ந்தால் தானே அடுத்த ராணி என்ற நிலை வந்தால், அந்த அறைக்குப் போட்டியும் வரும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் ஏழு கேப் குடும்பங்களில் உருவான 39 புது ராணிகளின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். 23 ராணிகள் வேலைக்காரத் தேனீக்களின் பிள்ளைகள். அந்த 23-லும் பெரும்பாலானவற்றின் தாய் அந்தக் கூட்டைச் சேர்ந்ததே அல்ல. பக்கத்துக் கூட்டிலிருந்து நுழைந்து, ராணி அறை பார்த்து முட்டை வைத்துவிட்டுப் போன வேலைக்காரத் தேனீக்கள். ஒட்டுண்ணித்தனத்தின் ஆரம்பப் பாடம் சொந்த ஊரிலேயே நடந்துகொண்டிருந்தது.

அங்கே அது எல்லை மீறவில்லை. எல்லோருக்கும் ஒரே வித்தை தெரிந்த ஊர் அது. 1990-ல் தேனீ வளர்ப்பவர்கள் ஏறத்தாழ 200 கேப் குடும்பங்களை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். நடுவில் இருந்த கலப்பு நிலப்பட்டையை லாரி ஒரே தாவாகத் தாண்டிவிட்டது. கேப் வேலைக்காரத் தேனீயை அதற்கு முன் சந்தித்தே இராத மஞ்சள் பட்டைத் தேனீக்களின் நடுவே பெட்டிகள் இறங்கின.

மஞ்சள் தேனீயின் வீட்டுக்குள் கறுப்பு நிறக் கேப் தேனீ எப்படிப் பிழைக்கிறது என்பது ஒவ்வொன்றாக வெளிவந்தது. ராணி தன் இருப்பை ஒரு வாசனையால் அறிவிக்கிறது. தாடைச் சுரப்பியில் ஊறும் அந்த வேதிப்பொருள்தான் மற்ற பெண்களின் சூலகத்தை அடக்கி வைக்கிறது. கறுப்புத் தேனீயின் தாடைச் சுரப்பி அதே பொருளைச் சுரக்கிறது. ராணி என்று நினைத்து மற்றவை ஊட்டுகின்றன. மற்ற துணையினங்களின் வேலைக்காரத் தேனீயைவிட இதன் சூலகத்தில் முட்டை உருவாகும் குழல்கள் அதிகம். காவல் தேனீக்கள் என்ன ஆயின? ஸ்டீபன் மார்ட்டினும் உடனாய்ந்தவர்களும் 2002-ல் கண்டது: இந்த ஒட்டுண்ணிகளின் முட்டைகளைக் காவல் தேனீக்கள் அவ்வளவாகத் தின்பதில்லை; சாதாரண வேலைக்காரத் தேனீயின் முட்டையைப் போல அவை அகப்படுவதில்லை. பொரிந்த புழுவுக்குச் செவிலித் தேனீக்கள் தங்கள் புழுக்களைவிட அதிகமாக ஊட்டுகின்றன. அதனால் வளர்ந்து வருவது வேலைக்காரிக்கும் ராணிக்கும் நடுவில் ஒரு உருவம். இதற்குள் உண்மையான ராணி காணாமல் போகிறது. மஞ்சள் தேனீக்கள் மூப்பில் செத்துக் குறைய, அவற்றின் இடத்தை நிரப்ப ஆள் பிறப்பதில்லை. பிறப்பதெல்லாம் வேலை செய்யாத கறுப்பு. பூவுக்குப் போக யாரும் இல்லாத நாள் வரும்போது பெட்டி சாகிறது. மிஞ்சிய கறுப்புத் தேனீக்கள் பக்கத்துப் பெட்டிக்குப் போகின்றன. கற்றாழைக் காட்டில் பக்கத்துப் பெட்டி இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பல பத்தாயிரம் பெட்டிகள் போயின. ஓல்டுராய்டு இதற்குச் சமூகப் புற்றுநோய் என்று பெயர் வைத்தார்.

இந்தக் கறுப்புத் தேனீக்களைப் பல பண்ணைகளிலிருந்து எடுத்து டிஎன்ஏ குறிப்பான்களை ஒப்பிட்டபோது எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அத்தனையும் ஒரே வேலைக்காரத் தேனீயின் நகல்கள். 1990-ல் வாழ்ந்த ஒரு தேனீ, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வெவ்வேறு வீடுகளில் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

அப்படியானால் எந்த மரபணு இதைச் செய்கிறது? இந்தத் தேடலில் நடந்த சச்சரவு, விடையைப் போலவே கற்றுத்தருவது.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ராபின் மோரிட்ஸின் குழு 2005-ல் ஒரே இடத்து மரபணுதான் தெலிடோக்கியைத் தீர்மானிக்கிறது என்று அறிவித்தது. தேடல் 13-ஆம் குரோமோசோமுக்குப் போயிற்று. 2011-ல் அங்கே இருக்கும் ஜெமினி என்ற மரபணுவில் ஒன்பது எழுத்துகள் விட்டுப்போயிருப்பதே காரணம் என்றார்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரியில் ஒன்பது எழுத்துகள் என்பது கண்ணில் படாத அளவு. நாளேடுகளுக்கு நல்ல தலைப்பு. 2015-ல் இன்னொரு குழு கேப் தேனீயையும் மஞ்சள் தேனீயையும் கலந்து, அந்தக் கலப்பின் பிள்ளைகளில் எவை பெண் பெறுகின்றன, எவை ஆண் பெறுகின்றன என்று எண்ணியது. ஒரே மரபணு என்ற கணக்கு ஒத்துவரவில்லை. போதாதற்கு, அந்த ஒன்பது எழுத்து இடைவெளி மஞ்சள் தேனீயிடமும் இருந்தது. அதற்குத் தெலிடோக்கியே கிடையாது. திருடன் போட்டிருந்த அதே சட்டை ஊரில் பலரிடமும் இருந்தால் சட்டையை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது, இல்லையா?

2016-ல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து ஆண்ட்ரியாஸ் வால்பெர்க், மேத்யூ வெப்ஸ்டர் ஆகியோரும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் வேறு வழியில் போனார்கள். கலப்பு செய்யாமல், கேப் தேனீயின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, மற்ற ஆப்பிரிக்கத் தேனீக்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி வித்தியாசமே இல்லை. இரண்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். சில துண்டுகளில் மட்டும் வேறுபாடு குவிந்திருந்தது. அவற்றில் குரோமோசோம்களைப் பங்கிடுவது, ஹார்மோன்களை ஆள்வது போன்ற வேலைகளுக்கான மரபணுக்கள் இருந்தன. ஒன்றல்ல, பல இடங்கள்.

பின்பு 2019. 11-ஆம் குரோமோசோமில், ஜிபி45239 என்ற எண்ணைத் தவிர வேறு பெயரில்லாத ஒரு மரபணுவில், ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதுதான் சமூகத் தேனீயைச் சுயநல ஒட்டுண்ணி ஆக்குகிறது என்று மோரிட்ஸின் குழுவிலிருந்து ஒரு கட்டுரை. அதே ஆண்டில் வெப்ஸ்டரும் ஓல்டுராய்டும் இடம்பெற்ற குழுவிடமிருந்து மறுப்பு. உலகின் பல பகுதித் தேனீக்களைப் பார்த்தார்கள்: அந்த எழுத்து சாதாரணமாகக் காணப்படும் கூட்டங்களில் தெலிடோக்கி இல்லை. தெலிடோக்கியால் பிறந்த மூன்று கேப் ராணிகளைப் பார்த்தார்கள்: அவற்றிடம் அந்த எழுத்து இல்லை. இருந்தாலும் போதாது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு காரணத்தை நிராகரிக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

2020-ல் வந்த திருப்பம்தான் ருசியானது. மறுத்தவர்களில் ஒருவரான ஓல்டுராய்டே தன் கூட்டாளிகளோடு சேர்ந்து கலப்புச் சோதனையைத் திரும்பச் செய்தார். கலப்பு மகளை மறுபடி ஒரு பெற்றோர் துணையினத்தோடு கலந்து, பிறந்த 49 பெண் தேனீக்களில் தெலிடோக்கியோடு எந்த டிஎன்ஏ துண்டு விடாமல் கூடவே வருகிறது என்று பார்த்தார்கள். ஒரே ஒரு துண்டு வந்தது. 11-ஆம் குரோமோசோமில், அதே ஜிபி45239. எழுத்து அது அல்ல, ஆனால் மரபணு அதுதான். இம்முறை பிடிபட்ட மாற்றங்கள் சோதித்த கேப் தேனீக்கள் எல்லாவற்றிலும் இருந்தன; வேறு எந்த வகைத் தேனீயிலும் இல்லை. தெலிடோக்கித் தேனீக்களின் சூலகத்தில் அந்த மரபணு வழக்கத்தைவிட அடங்கியே வேலை செய்கிறது. குரோமோசோம்களைப் பங்கிடுவதில் அதற்குப் பங்கிருக்கலாம் என்று கருதுகிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டு நோட்டுகளும் ஒட்டிக்கொள்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

இந்த இடத்தில்தான் செய்தித் தலைப்புகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ‘தேனீயைச் சுயநலக்காரியாக்கும் மரபணு’ என்று எழுதிவிடுவது சுலபம். 2020-ல் கண்டது தெலிடோக்கியின் மரபணு. ஒட்டுண்ணித்தனத்தின் மரபணு அல்ல. லாரியில் போன 200 பெட்டிகளில் பல லட்சம் வேலைக்காரத் தேனீக்கள் இருந்திருக்கும். கேப் தேனீக்கள் என்பதால் அத்தனையிடமும் அந்த மாற்றம் இருந்திருக்கும். இன்றைக்கும் தெற்கு முனையில் பூக்களில் அலையும் ஒவ்வொரு கேப் தேனீயிடமும் அது இருக்கிறது. அவை மகரந்தம் சுமக்கின்றன, புழுவுக்கு ஊட்டுகின்றன, வீட்டைக் காக்கின்றன. ஒன்றின் வம்சம் மட்டும்தான் வடக்கை ஆண்டது. ராணியின் வாசனை, நிறையச் சூலகக் குழல்கள், காவலுக்கு அகப்படாத முட்டை என்ற குணங்கள் கேப் தேனீக்களிடையே கூடவும் குறையவும் சிதறிக் கிடந்தவை. மற்ற தேனீக்களில் அப்படி ஒரு நல்ல சேர்க்கை ஒரு வேலைக்காரத் தேனீயிடம் தற்செயலாக அமைந்தாலும் அதோடு செத்துப்போகும். பிள்ளைக்குப் போகாது, போனாலும் கலைந்துதான் போகும். தெலிடோக்கி இருந்ததால் அந்தச் சேர்க்கை கலையாமல் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போயிற்று, அதற்கடுத்ததற்கும் போயிற்று. ஒரு மரபணு செய்தது அவ்வளவுதான். 2016-ல் கண்ட பல துண்டுகளும் 2020-ல் கண்ட ஒற்றை மரபணுவும் முரண்படுவதாகத் தோன்றினால், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்க அரசு வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டித் தேனீக்களைக் கொண்டுபோவதைத் தடைசெய்தது. வளர்ப்பவர்கள் சட்டத்தைத் தூக்கும்போது கருத்த தேனீயையும் ஒரே அறையில் பல முட்டைகளையும் தேடுகிறார்கள். கண்டால் அந்தப் பெட்டியை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு ஒட்டுண்ணி தப்பினாலும் பக்கத்துப் பெட்டி போய்விடும்.

ஆனால் அதே பகுதியில் மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் வாழும் காட்டுத் தேனீக்களில் இந்தத் தொற்று குறைவாகவே காணப்படுகிறது. இந்த நகல் வம்சத்துக்கு ஆண் கிடையாது, சொந்தமாகக் குடும்பம் அமைக்கும் ராணி கிடையாது, புது வீடு தேடித் திரளாகப் பறந்துபோகும் வழக்கமும் கிடையாது. ஒரு வீடு சாவதற்குள் அடுத்த வீடு நடக்கும் தூரத்தில் கிடைத்தாக வேண்டும். காட்டில் கூடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன. பண்ணையில் நூறு பெட்டிகள் தோளோடு தோள் நிற்கின்றன. பலம் குறைந்த பெட்டிக்கு வேறு பெட்டியின் அடையை எடுத்து வைக்கிறார்கள், ஆள் குறைந்த பெட்டியை இன்னொன்றோடு சேர்க்கிறார்கள், பூ முடிந்ததும் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தனியாகப் பரவத் தெரியாத ஒட்டுண்ணியை முப்பது ஆண்டுகளாகப் பரப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த வேலைகள்தான்.